வின்னிப்பெக்கில் ஒரு கூடார வண்டில்

வல்லிபுரக் கோயிற் கடற்றீர்த்தத்துக்குக் கூடார வண்டில் கட்டிப் போன கதைகளை எமது வீட்டுப் பெரியவர்கள் சொல்ல நாம் சிறுவயதிற் கேட்டிருக்கிறோம். மேலே ஓலைக் கூடாரம். உள்ளே வைக்கோல் பரப்பி அதன்மேல் ஒரு பாய். மூலையில் அரிசி, தேங்காய், செம்பு, மண்சட்டி. கீழே ஆடியசையும் ஓர் அரிக்கன் லாந்தர். கோயில் வெளியில் மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டால் வண்டிலே வீடாகிவிடும். திருவிழா முடிந்ததும் அந்த வீடு மீண்டும் வண்டிலாகி ஊர் திரும்பும்.

அத்தகைய கூடார வண்டில் ஒன்றை, மாடும் ஓலையும் இல்லாத வேறொரு வடிவில், கனடா தேசத்தின் நடுவிலே காண்போமென நாம் ஒருபோதும் எண்ணியதில்லை. 2019 ஆம் ஆண்டு ஆனி மாதம், எமது தமக்கையாரின் நெடுநாள் அழைப்பை ஏற்று, மனைவியாருடன் மனிற்றோபா மாகாணத்தின் தலைநகரான வின்னிப்பெக் போய்ச் சேர்ந்தோம். செந்நதியும் அசினிபோயின் நதியும் கலக்குமிடத்தில் அமைந்த நகர் அது. கண்ணுக்கெட்டிய தூரம் குன்றென்று சொல்ல ஒரு மண்மேடும் இல்லை. பனியுகத்தின் முடிவிலே அகாசிஸ் என்னும் பேரேரி அப்பிரதேசம் முழுவதையும் மூடிக் கிடந்ததென்றும், ஏறக்குறைய 8,000 ஆண்டுகளுக்கு முன் அது வடிந்துபோக, எஞ்சிய அடித்தளமே இன்றைய சமவெளி என்றும் புவியியலார் கூறுவர். தண்ணீரற்ற ஏரியின் அடியில் ஒரு நகரம் வாழ்கிறது என்றே சொல்லலாம்.

போய்ச் சேர்ந்த மறுநாட் காலை அத்தான் எம்மை வீட்டின் பின்வளவுக்கு அழைத்துச் சென்றார். அங்கே முக்காலிகளின்மேல், பெரியதொரு முட்டையை ஒத்த ஒரு பொருள் அமர்ந்திருந்தது. நிறம் மங்கி, யன்னல்கள் கழற்றப்பட்டு, கதவின்றி நின்றது.

“இதுதான் தம்பி எங்கட வள்ளம்” என்றார் அத்தான்.

எமது தமக்கையார் சமையலறை யன்னலருகே நின்று அதைப் பார்த்தும் பாராதவர் போலத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

தொப்பியின் பெயர் பெற்ற வண்டி

காரின் பின்னாற் பூட்டி இழுத்துச் சென்று, காட்டிலோ ஏரிக்கரையிலோ நிறுத்தி உறங்கும் சிறு வீடுகளை மேல்நாட்டார் ‘றெயிலர்’ என்பர். வழக்கமாக அவை மரச் சட்டங்களின்மேல் அலுமினியத் தகடு அறைந்து செய்யப்படுவன. தகடும் தகடும் சந்திக்கும் மூலைகளில் நாளடைவில் நீர் நுழையும். உள்ளே மரம் உக்கும். வெளிப்பார்வைக்கு அழகாய் நிற்கும் வண்டி உள்ளே மண்ணாகிக் கிடக்கும்.

வின்னிப்பெக் நகரைச் சேர்ந்த றே ஒலெக்கோ என்பவர் இதற்கொரு மாற்று வழி கண்டார். அவர் அதற்கு முன் மலக்குழித் தொட்டிகளைப் பைபர்கிளாஸிற் செய்து அனுபவம் பெற்றவர். நிலத்தடியில் ஆண்டுக்கணக்கில் ஒழுகாமற் கிடக்கும் பொருளால் ஏன் ஒரு வீடு செய்யக்கூடாது? 1968 ஆம் ஆண்டில், ஏறக்குறைய 13 அடி நீளமும் ஆயிரம் இறாத்தலுக்கு உட்பட்ட நிறையுமுள்ள ஒரு முட்டை வண்டி இவ்வாறு பிறந்தது. அதன் தோற்றம் ஆங்கிலக் கனவான்கள் அணியும் வட்டத் தொப்பியாகிய ‘போலர்’ போல இருந்தமையால் அப்பெயரே நிலைத்தது. சிறிய காரும் அதை இழுத்துச் செல்லும் என்பதால், பெரிய வண்டி வாங்க வகையற்ற சாதாரண குடும்பங்கள் அதை விரும்பி வாங்கின.

மாணவ நேயர்களுக்காகப் பைபர்கிளாஸ் என்பது யாதெனச் சுருக்கமாகச் சொல்வோம். உருக்கிய கண்ணாடியை மயிரிழையினும் மெல்லிய நாராக இழுத்து, அந்நாரைப் பாயாக்கி, ‘றெசின்’ என்னும் செயற்கைப் பிசினில் தோய்த்து ஓர் அச்சிலே படிய வைப்பார்கள். பிசின் இறுகியதும் பாயும் பிசினும் ஒன்றாகி வலிய ஓடாகும். அது துருப்பிடியாது, கறையான் அரியாது, உக்காது. போலரின் மேற்பாதி ஓர் அச்சிலும் கீழ்ப்பாதி மற்றோர் அச்சிலும் வார்க்கப்பட்டு, இடுப்பளவில் ஒன்றோடொன்று பொருத்தப்பட்டு, உள்ளிருந்து அதே நாரும் பிசினும் கொண்டு மூட்டப்படும். உடைத்த தேங்காயை மீண்டும் சேர்த்து வைத்தது போன்ற அமைப்பு. உடல் முழுவதிலும் அந்த ஒரேயொரு மூட்டுத்தான். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செய்த வண்டிகள் இன்றும் பாதையில் ஓடுவதன் இரகசியம் இதுவே.

2018 ஆம் ஆண்டு ஆவணியில் போலரின் ஐம்பதாவது பிறந்தநாள் வின்னிப்பெக் நகரிற் கொண்டாடப்பட்டபோது நூற்றுக்கணக்கான வண்டிகள் வந்து குவிந்தன. அதைப் பார்க்கச் சென்றவர்களுள் அத்தானும், பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயிலும் எமது மருமகளும் இருந்தனர். அன்று பிடித்த ஆசை, அடுத்த பனிக்காலம் கழியுமுன் ஒரு பண்ணை வீட்டின் கோழிக்கூட்டுக்குப் பின்னால் விதைச் சாக்குகள் அடுக்கிக் கிடந்த 1973 ஆம் ஆண்டுப் போலர் ஒன்றை வீட்டுக்கு இழுத்துவரச் செய்தது.

தமக்கையாரின் கேள்வி

அத்தான் மயிலிட்டியைச் சேர்ந்தவர். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எமது வடகரையில் பைபர்கிளாஸ் படகுகள் பெருகியபோது, உடைந்த படகுகளுக்கு ஒட்டுப்போடும் தொழிலை இளமையிலேயே கைவரப் பெற்றவர். 1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் மயிலிட்டி மக்கள் யாவரும் ஊரைவிட்டு வெளியேறியபோது, அவரும் தமக்கையாரும் நான்கு வயது மகனைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டனர். ‘இரண்டு நாளில் திரும்பிவிடலாம்’ என்று வீட்டைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டவர்கள் மூன்றாண்டுகள் முகாமில் ஓலைக் கொட்டிலிலும் தறப்பாளின் கீழும் வாழ்ந்தனர். பின்னர் கனடா வந்து, பஸ் வண்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அத்தான் வேலைக்கமர்ந்து, சென்ற ஆண்டுதான் ஓய்வு பெற்றார். மருமகள் வின்னிப்பெக்கிற் பிறந்தவள்.

இந்த வண்டி விடயத்தில் தமக்கையாரின் மனம் எப்படி என்பதை அன்று மாலையே அறிந்தோம். சந்தோஷந்தானே என்று நாம் வினவியபோது, அவர் கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்:

“காசு குடுத்து ஆரும் அகதியாப் போவினமோ, தம்பி?”

எமக்கு மறுமொழி தோன்றவில்லை. மழைக்காலத்தில் முகாமின் கூரை ஒழுக, இருந்த ஒரேயொரு சட்டியை எங்கே வைப்பதென்று இரவு முழுவதும் இடம் மாற்றி மாற்றி வைத்தவர் அவர். எட்டுப் பேர் படுக்கும் அகலத்தில் ஒருக்களித்துப் படுத்த அனுபவமுள்ளவருக்கு, நல்ல வீடொன்று இருக்க, ஆறரை அடி அகலமான கூட்டுக்குள் போய்ப் படுப்பதில் என்ன இன்பம் இருக்கமுடியும்? அத்தானும் இதை அறியாதவரல்லர். அவர் தமக்கையாரோடு வாதாடவில்லை. காலை ஏழு மணிக்குப் பின்வளவுக்குப் போவார்; வெளிச்சம் மங்கும் வரை வேலை செய்வார். அவ்வூரிலே ஆனி மாதத்தில் வெளிச்சம் மங்க இரவு பத்து மணியாகும்.

ஒழுக்கைத் தேடுதல்

நாமும் கைச்சட்டை மடித்து வேலையிற் சேர்ந்துகொண்டோம். முதற் பாடம் ஒழுக்கைக் கண்டுபிடிக்கும் முறை. பழைய யன்னல்களைத் தற்காலிகமாகப் பொருத்திவிட்டு, மருமகள் உள்ளே வெண்கட்டியுடன் அமர்ந்தாள். அத்தான் வெளியே தண்ணீர்க் குழாயைப் பிடித்துக் கீழேயிருந்து தொடங்கினார். மேலேயிருந்து ஊற்றினால் நீர் எல்லா இடமும் வழிந்து எங்கே புகுந்ததென்று தெரியாமற் போகும். கீழேயிருந்து சாணளவாக மேலேறினால், உள்ளே துளி தோன்றும் கணத்தில் எந்த இடம் குற்றவாளி என்பது வெளிப்படும். பதினொரு இடங்களில் மருமகள் வெண்கட்டியால் வட்டமிட்டாள். அவற்றுள் ஒன்றாவது ஓட்டின் இயல்பான உடலில் இல்லை. யன்னலின் காய்ந்த றப்பர், கூரையிலுள்ள காற்றுவாரி, அலுமாரிகளைச் சுவரோடு பிணைக்கும் ஆணிகள் என, மனிதன் துளைத்த இடங்களிலே மாத்திரம் நீர் புகுந்திருந்தது.

அடுத்து, உள்ளேயிருந்த யாவும் வெளியே வந்தன. தரையின் ஒட்டுப்பலகை விரலால் அழுத்தினாற் பொடியாகும் நிலையில் இருந்தது. அதை வெட்டியெடுத்து, ஓட்டை ஜாக்கியால் உயர்த்தி, கீழிருந்த இரும்புச் சட்டத்தை உருவி எடுத்தோம். துருவைக் கம்பித் தூரிகையாற் சுரண்டியபோது ஒரு வளைவில் மயிரிழை வெடிப்புத் தெரிந்தது. “இது என்ர கை வேலையில்லை” என்று சொல்லி அத்தான் அதைச் சான்றிதழ் பெற்ற ஒட்டுத் தொழிலாளியிடம் அனுப்பினார். தெரிந்த வேலையைத் தானே செய்வதும், உயிரோடு சம்பந்தப்பட்ட வேலையைத் தெரிந்தவரிடம் விடுவதும் அவருடைய நெறி. அச்சாணித் தண்டும் மாற்றப்பட்டது. இவ்வண்டிகளில் வில்லுத் தகட்டுக்குப் பதிலாகத் தண்டினுள் அடைத்த றப்பரே அதிர்ச்சியைத் தாங்குகிறது. நாற்பத்தாறு ஆண்டுகளில் அந்த றப்பர் கல்லாய் இறுகிவிட்டிருந்தது. புதிய தண்டுடன் மின்சாரத் தடுப்பும் சேர்ந்து வந்தது.

ஓட்டிலும் காயங்கள் இருந்தன. வின்னிப்பெக்கிலே பனிக்காலத்தில் வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே முப்பது பாகை வரை இறங்குவதுண்டு. சிறு கீறலுக்குள் புகுந்த நீர் உறைந்து விரிந்து அக்கீறலைப் பெரிதாக்கும், இளகும், மீண்டும் உறையும். அத்தான் ஒவ்வொரு கீறலின் நுனியிலும் சிறு துளையிட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தினார். பின்பு கீறலின் இரு மருங்கையும் சரிவாகத் தேய்த்து, அகலமான ஒட்டுக்கு இடம் செய்தார். பள்ளத்தை வெறுமனே நிரப்பினால் ஒட்டு ஒரு குளிர்காலத்தில் உதிர்ந்துவிடும். சரிவின்மேல் அடுக்கடுக்காகப் படிந்த நார்தான் பழைய ஓட்டோடு ஒன்றாகும். முகமூடியும் கையுறையும் இல்லாமல் எவரையும் அவர் கிட்ட வர விடவில்லை. கண்ணாடித் தூள் நெஞ்சுக்கும் தோலுக்கும் பகை. றெசினில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு மாத்திரம் ஹார்ட்னர் சேர்த்து, கிண்ணத்தின் சூட்டைக் கையாற் பார்த்து, இறுகத் தொடங்குமுன் தூரிகையாற் குத்திக் குத்திக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றினார். முப்பது ஆண்டுகள் தொடாத தொழிலை அவருடைய விரல்கள் மறந்திருக்கவில்லை.

தந்தையும் மகளும்

மருமகளுக்கு இது புதுயுக வண்டியாக வேண்டுமென்ற ஆவல். குளிரூட்டி, நீராடும் அறை, பெரிய குளிர்ப்பெட்டி என ஒரு பட்டியல் வைத்திருந்தாள். அத்தான் அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே நிறையை எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் பட்டியல் தானே சுருங்கிற்று. வண்டியின் இலேசே அதன் உயிர் என்பதை அவள் கணக்கினால் உணர்ந்தாள்.

எஞ்சியவற்றை அவளே பொறுப்பேற்றாள். கூரையில் 100 வாற்று சூரியத் தகடு; இருக்கைக்கு அடியில் 12.8 வோல்ற்று, 100 அம்பியர் மணி கொண்ட இலிதியம் மின்கலம். இரண்டையும் பெருக்கினால் 1,280 வாற்று மணி. நான்கு சிறு விளக்குகள் இரவு ஐந்து மணி நேரம் எரிய 60 வாற்று மணி. சிறிய குளிர்ப்பெட்டிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 400. எனவே சூரியன் முகங்காட்டாத இரண்டு நாட்களையும் தாராளமாகக் கடக்கலாம். உறைபனியில் இவ்வகை மின்கலத்துக்கு மின்னேற்றக் கூடாதென்பதால், பனிக்காலத்தில் அது கழற்றி வீட்டினுள் வைக்கப்படும். எரிவாயுக் குழாயின் மூட்டுகளில் சவர்க்கார நீர் பூசிக் குமிழ் வருகிறதா என்று பார்த்தார்கள். எரிவாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே அதை உணர்ந்து ஒலிக்கும் கருவியைத் தரைக்கு அருகிலே பொருத்தினாள். ஒட்டுப்பலகைத் தரை புதிதாய் அமைந்தது. அதன் விளிம்புகளெல்லாம் நீர் புகாவண்ணம் பிசின் குடித்தன. ஆணிகள் யாவும் புதிதாய் அடிக்கப்பட்டு, யன்னற் சட்டங்கள் பசை நாடாவின்மேல் அமர்த்தப்பட்டன.

ஒரு நாட் பிற்பகல் அத்தான் பழைய அலுமாரிக் கதவொன்றை மடியில் வைத்து மட்கடதாசியால் தேய்க்க ஆரம்பித்தார். தேநீர்த் தட்டுடன் வந்த தமக்கையார் அப்படியே நின்றுவிட்டார். கதவின் உட்புறத்தில் பென்சிற் கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. பக்கத்தில் ஓரெழுத்துப் பெயர்களும் 1974, 1976, 1979 என்ற ஆண்டுகளும். பண்ணை வீட்டுப் பிள்ளைகள் கோடைதோறும் தங்கள் உயரத்தை அளந்து வைத்த கோடுகள் அவை.

“அதை அழிக்காதேங்கோ” என்றார் தமக்கையார்.

மயிலிட்டி வீட்டின் கதவு நிலையில் மூத்த மகனுக்கு அவர் இட்ட மூன்று கோடுகள் எமக்கு நினைவிருந்தன. 2017 ஆம் ஆண்டு ஆடியில் மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் திரும்பிய பின்னர், மறு ஆண்டு அத்தான் ஊருக்கு வந்தபோது எம்முடனேதான் அவ்விடம் சென்றார். நிலையும் இல்லை, சுவரும் இல்லை. கிணறு மாத்திரம் இருந்தது.

அத்தான் மட்கடதாசியைக் கீழே வைத்தார். அந்தக் கதவின் உட்புறம் தேய்க்கப்படாமலே மீண்டும் ஏறிற்று. இரண்டு நாட் கழித்துத் தமக்கையார், தாமும் ஒரு முறை வருவதாகவும், மழை வந்தால் உடனே வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டுமென்றும் நிபந்தனை விதித்தார். நாம் யாவரும் அதை ஏற்றோம்.

தெள்ளேரிப் பிரயாணம்

ஆடி மாதக் கடைசி வாரத்தில் ஒரு காலை புறப்பட்டோம். புறப்படுமுன் வண்டியின் கொளுவியை வீட்டு நிறைத்தராசின்மேல் வைத்து அத்தான் நிறுத்தார். சாமான்களோடு வண்டி ஏறக்குறைய 1,400 இறாத்தல். அதில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை, அதாவது 140 இறாத்தல் முதல் 210 வரை, கொளுவியில் அழுத்தவேண்டும். குறைந்தால் வண்டி பாம்பு போல நெளியும். கூடினாற் காரின் முன்சில்லுகள் பிடிமானம் இழக்கும். தராசு 160 காட்டியது. தமக்கையார் வீட்டைப் பூட்டித் திறப்பைக் கைப்பைக்குள் வைத்தார். காரில் ஏறியபின் பையைத் திறந்து அது இருக்கிறதா என்று மீண்டுமொரு முறை பார்த்துக்கொண்டார்.

எமது இலக்கு ஏறத்தாழ 260 கிலோ மீற்றர் வடமேற்கேயுள்ள றைடிங் மவுண்டன் தேசிய வனம். நெடுஞ்சாலை கோடு போட்டாற்போல் மேற்கே ஓடியது. இருபுறமும் கனோலா வயல்கள் மஞ்சட் பட்டு விரித்தாற்போற் பூத்துக்கிடந்தன. போர்ட்டேஜ் லா பிறேறி என்னுமூரில் நிறுத்திச் சில்லுகளின் குடத்தைக் கையாற் தொட்டுச் சூடு பார்த்து, சுரைகளை மீண்டும் இறுக்கினோம். புதிதாய்ப் பூட்டிய சில்லின் சுரை முதல் ஓட்டத்தில் இளகுவதுண்டு. கிளாட்ஸ்ரன் என்ற சிற்றூரின் வாயிலிலே, ஊர்ப்பெயரைப் பிரித்து ‘மகிழ்ச்சிக் கல்’ என விளையாட்டாக நிறுத்திய சிரித்த முகச் சிலையொன்று எம்மை வரவேற்றது. 1926 ஆம் ஆண்டு நாவலாசிரியை மார்கிரற் லோறன்ஸ் பிறந்த நீப்பவா நகரைக் கடந்தோம். மினடோசாவில் வடக்கே திரும்பி எரிக்சன் என்னுமூரை அடைந்தபோது, கடலுக்கு வெகு தொலைவிலே தரையில் நிற்கும் வைக்கிங் மரக்கலத்தின் உருவமொன்றைக் கண்டு அத்தான் காரை மெதுவாக்கினார். ஸ்கந்திநேவியக் குடியேறிகள் தம் முன்னோரை மறவாது வைத்த நினைவு அது. “விட்டு வந்த சனமெல்லாம் வள்ளத்தை மறக்கிறேல்லை” என்று மெல்லச் சொன்னார்.

பிற்பகலில் வயல்கள் மறைந்து காடு தொடங்கிற்று. தெள்ளேரி என்று பொருள்படும் கிளியர் லேக் ஏரிக்கரையிலே வாசகாமிங் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள முகாம் நிலத்தில் வண்டியை நிறுத்தினோம். பின்புறத்து மேசையைத் தாழ்த்தினால் இருவர் படுக்கும் கட்டில். முன்புறத்து இருக்கை மருமகளுக்கு. நாமும் மனைவியாரும் பக்கத்தில் ஒரு துணிக் கூடாரம் அடித்தோம். இரு அடுப்பில் றொட்டி சுட்டு, சம்பலுடன் உண்டு, ஒன்பதரை மணி வரை தங்கிய அந்தி வெளிச்சத்தில் ஏரியைப் பார்த்திருந்தோம். தமக்கையார் அதிகம் பேசவில்லை. படுக்கச் செல்லுமுன் வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

இரவு இரண்டு மணியளவில் இடி எம்மை எழுப்பிற்று. சமவெளி நாட்டின் கோடைமழை முன்னறிவித்தல் கொடுப்பதில்லை. சில நிமிடங்களில் எமது கூடாரத்தின் கீழே நீர் புகுந்தது. பின் மேலேயும் புகுந்தது. போர்வையும் பாயும் ஊறின. மனைவியார் செருப்பைத் தேட, நாம் கண்ணாடியைத் தேட, காற்று கூடாரத்தின் ஒரு மூலையைப் பிடுங்கியெறிந்தது. அவ்வேளையில் முட்டை வண்டியின் கதவு திறந்தது. விளக்கொளியில் தமக்கையார் நின்றார்.

“வா தம்பி, ரெண்டு பேரும் கெதியா உள்ளே வாங்கோ. இஞ்சை ஒழுகேல்லை.”

அந்தச் சிறு வீட்டினுள் ஐவரும் முழங்காலோடு முழங்கால் முட்ட அமர்ந்தோம். தமக்கையார் எமக்குத் துவாய் கொடுத்தார். அடுப்பை மூட்டி இஞ்சித் தேநீர் வைத்தார். நீர் கொதிக்கும் வரை அவருடைய உள்ளங்கை கூரையைத் தடவியது. யன்னல் விளிம்பைத் தடவியது. அலுமாரி மூலையைத் தடவியது. மழை ஓட்டின்மேல் பறை கொட்டியது. ஒரு துளியும் உள்ளே வரவில்லை. அத்தான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை. மழை வந்தாற் திரும்பவேண்டும் என்ற நிபந்தனையை ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை.

ஏரிக்கரையின் கதை

காலையில் வானம் கழுவி விட்டாற்போல் இருந்தது. கரையோரமாக நடந்தபோது மருமகள் அவ்விடத்தின் கதையைச் சொன்னாள். இவ்வேரிக்கரையிலே கீசீகூவினின் ஒஜிப்வே மக்களுக்கென 1896 ஆம் ஆண்டில் மீன்பிடி நிலம் ஒன்று ஒதுக்கப்பட்டிருந்தது. தேசிய வனம் அமைந்தபின், 1936 ஆம் ஆண்டில் அவர்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களுடைய வீடுகள் எரிக்கப்பட்டன. நெடுங்காலம் போராடி, 1994 ஆம் ஆண்டு தொடங்கி அந்நிலத்தை அவர்கள் மீளப் பெற்றனர்.

தமக்கையார் நின்று, நீரை நோக்கியபடி, விரல் விட்டு எண்ணினார்.

“அம்பத்தெட்டு வருஷம்” என்றார். சிறிது பொறுத்து, “எங்களுக்கு இருபத்தேழு” என்றார்.

மேலும் இரண்டு நாள் தங்கினோம். வீடு திரும்பிய மாலை, தமக்கையார் கைப்பையிலிருந்து திறப்பை எடுத்தார், பூட்டிலிட்டுத் திருப்பினார், கதவு திறந்தது. இதிலென்ன புதுமை என நேயர்கள் கேட்கலாம். 1990 இல் எடுத்துவந்த திறப்புக்கு இன்று கதவில்லை. அவர் எம்மிடம் ஆனி மாதத்திற் கேட்ட கேள்விக்கு மறுமொழி அந்த வாசற்படியிலேதான் எமக்குக் கிடைத்தது. கூடாரமும் ஒன்றே, நெருக்கமும் ஒன்றே, மழையும் ஒன்றே. திரும்பி வந்து திறக்க ஒரு கதவு இருக்குமாயின் அது பிரயாணம். வல்லிபுரத்துக்கு வண்டில் கட்டிய எமது பெரியோருக்கு இது தெரிந்திருந்தது; எமது தலைமுறைக்குத்தான் இடையில் மறந்துபோயிற்று.

நாம் ஊர் வந்து சேர்ந்த சில கிழமைகளில் அத்தானிடமிருந்து ஒரு படம் வந்தது. பழைய அலுமாரிக் கதவின் உட்புறம். 1979 ஆம் ஆண்டுக் கோட்டுக்குச் சற்றுக் கீழே புதிய பென்சிற் கோடு ஒன்று. அருகே மூத்த மகனின் குழந்தையின் பெயரும், 2019 என்ற ஆண்டும். எழுத்து எமது தமக்கையாருடையது.